நம்பிக்கையான மூக்கு

ஞாயிறு சர்ச் முடிந்ததும் பக்கத்து வீட்டு சாலமன்ராஜ் சார் என்னைப் பிடித்துக்கொள்வார். தப்ப முடியாது, சர்ச்சுக்கு ஒரே வாசல். அவர் வீட்டுக்குப் போய், அவரே வறுத்து அரைத்த காப்பியை நான் ருசி பார்த்தாக வேண்டும்.

"என்ன வாசம் வருதுலே?"

"ஆரஞ்சு சார். லேசா மல்லிகை."

"உன் மூக்க நம்பித்தாம்லே வாத்தியார் வேலைய விட்டுட்டேன். ஆமத்தூர் ரோட்டுல காப்பிக்கடை போடுறோம்!"

அடுத்த கப் எடுக்க உள்ளே போனார். அவர் மனைவி ஹெப்சிபா மெல்லச் சொன்னார்.

"கொரோனாவுல அவுகளுக்கு வாசமே போச்சு தம்பி. இனி நீங்கதான் மூக்கு. கைவிட்டுராதீக."

தலையாட்டினேன். எனக்கும் அதே கொரோனாவில்தான் போனது. ஆரஞ்சு, மல்லிகை எல்லாம் நான் வேலை பார்க்கும் சிவகாசி அச்சகத்தில் காப்பிப் பைகள்மேல் 'வாசம்' என்று அடிக்கிற வார்த்தைகள்.

அடுத்த கப் வந்தது.

"இது?"

"சாக்லேட் சார்," என்றேன். நேற்று அச்சடித்த பை.