கலியாணத்துக்கு எடுத்தது

"பெரிய சைசில இந்தத் தோல் நிறம் மட்டுந்தான் வரும், தங்கச்சி. உள்ளுக்குப் போடுறதை ஆர் பாக்கப்போறாங்க?" என்றாள் கடைக்காரப் பெண்.

ரிஸ்லா அந்தப் பிராவைத் திருப்பிக் கொடுத்தாள். திருகோணமலை ரவுண் கடைத்தெருவில் ஏறி இறங்கிய கடையிலெல்லாம் இதே பதில்தான்.

"கலியாணத்துக்கு எடுக்கிறம். லேஸ் வைச்சு, வடிவான நிறத்தில வேணும். பட்டி தோளை வெட்டக்கூடாது. அது கிடைக்காம நான் கிண்ணியா பஸ் ஏறமாட்டன்."

"விடு மகள், இதுவே போதும்," என்றாள் பக்கத்தில் நின்ற உம்மா.

"போதாது உம்மா."

கடைக்காரப் பெண் மேல்தட்டைக் கிளறி ஒரு பெட்டியை இறக்கினாள். உள்ளே கருஞ்சிவப்பில், லேஸ் வைத்த பிரா. அளவு நாடாவை ரிஸ்லாவின் அபாயாவுக்கு மேலால் சுற்றிப் பார்த்தவளின் முகம் வாடியது.

"இது உங்களுக்குத் தொளதொளவெண்டு நிக்குமே."

"எனக்கெண்டு ஆர் கேட்டது?" ரிஸ்லா நாடாவை உம்மாவின் பக்கம் திருப்பினாள். "கலியாணம் உம்மாவுக்கு. தனியா இருந்தது போதுமெண்டு மாப்பிள்ளை பாத்ததே நான்தான்."

கடைக்காரப் பெண் பெட்டியை உம்மாவின் முன் நகர்த்தினாள். உம்மா பிராவைக் கையில் எடுத்து, லேஸை விரலால் தடவிப் பார்த்தாள்.

"கறுப்பிலயும் ஒண்டு இருக்கா?"