குணமான பிள்ளை

மூச்சிரைப்பு நோயாளி இருக்கும் வீட்டிலிருந்து நூறு மீட்டருக்குள் கஞ்சாக் கடை கூடாது என்பது சட்டம். சட்டம் போடுவதில் நம் ஆட்கள் ஒருநாளும் குறை வைத்ததில்லை. ஜெசிந்தாவின் வீட்டுக்கும் அரசு அனுமதி பெற்ற கஞ்சாக் கடையான 'ஆனந்த மூலிகையக'த்துக்கும் நடுவே ஒரே ஒரு சந்துதான். அவள் மகள் பெல்சியாவுக்குப் பிறந்ததிலிருந்தே இழுப்பு. கடையும் அதன் புகையும் வந்த பிறகு, நாளைக்கு நான்கு தடவை மருந்தை உறிஞ்சினால்தான் பிள்ளைக்கு மூச்சே வந்தது.

வார்டுக் கூட்டத்தில் ஜெசிந்தா தொண்டை கிழியக் கத்தினாள். மாநகராட்சி அதிகாரி மகா கரிசனத்தோடு, "ஒரே வாரத்துல சட்டப்படி சரிபண்ணிருவோம்மா" என்றார். சொன்ன சொல் தவறவில்லை மனிதர். ஏழாம் நாள் அவள் போனுக்குச் செய்தி வந்தது: 'நூறு மீட்டருக்குள் இனி நோயாளிகள் இல்லை. தங்கள் மகள் குணமடைந்ததற்கு மாநகராட்சியின் வாழ்த்துகள்!' கீழே பூங்கொத்துப் படம் வேறு.

அன்று மாலையே இழுத்துக்கொண்டிருந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வார்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். மருந்து தரும் இயந்திரம் பெல்சியாவின் முகத்தைப் பார்த்தது. பார்த்துவிட்டுத் தன் கதவைப் பூட்டிக்கொண்டது.

"குணமான பிள்ளைக்கு மருந்து தராதுக்கா" என்றாள் நர்ஸ்.

"இவ மூச்சு விடுற சத்தம் ஒங்க காதுல விழலையா?"

"எனக்கு விழுது. பதிவுல இல்லையே." நர்ஸ் குரலைத் தாழ்த்தினாள். "எப்படியாவது அந்தக் கடைய மூட வைங்கக்கா. அப்பத்தான் பிள்ளைக்கு மறுபடியும் வியாதி வரும்."