டிராமில் படிக்கிறவள்

லண்டன் பரிசின் இறுதிப் பட்டியலில் நாவல் இடம்பிடித்துவிட்டது. ஆனால் அதை எழுதிய விமலேஷ் சக்சேனா அம்மாளின் முகத்தில் ஈயாடவில்லை.

காலையிலிருந்தே வீடு கல்யாண வீடாகிவிட்டது. அவலில் செய்த போஹாவும் ஜிலேபியும் தட்டுத் தட்டாகக் காலியாயின. எங்கள் போபாலிலிருந்து ஓர் இந்தி நாவல் அவ்வளவு தூரம் போயிருக்கிறதென்றால் சும்மாவா? ஜென்மத்தில் நாவல் படிக்காதவர்கள்கூட மாலையோடு வந்திருந்தார்கள்.

மாலைக்குரியவரோ மூலை நாற்காலியில் உட்கார்ந்து கையிலிருந்த செல்போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நாவலை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த தேவ்யானி, டில்லியிலிருந்து ராத்திரி ரயிலைப் பிடித்து ஓடிவந்திருந்தாள். சந்தோஷத்தில் அவளுக்குத் தரையில் கால் பாவவில்லை. காலைத் தொட்டு வணங்கியவளிடம் "வந்தியா? உட்காரு" என்றதோடு சரி. விமலேஷின் கண் மறுபடி செல்போனுக்குப் போய்விட்டது.

திவாரிக்கு இது போதாதா? அவர் இந்தி வளர்ச்சிக் கழகத்தின் செயலாளர்.

"பிள்ளைங்களை இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துல சேர்க்கிறவங்களை மேடைக்கு மேடை கிழிச்சவங்க இவங்க. இப்ப இங்கிலீஷ்ல வந்தப்புறம்தான் உலகத்துக்கே இவங்க பேரு தெரியுது. அட்டையில அந்தப் பொண்ணு பேரும் சரிக்குச் சமமா இருக்கு. வயிறு எரியாதா?" என்று பக்கத்திலிருந்தவர் காதில் ஓதினார். திவாரி காதில் ஓதினால் தெருக்கோடி வரை கேட்கும்.

தேவ்யானிக்கும் கேட்டது. கடித்த ஜிலேபியைத் தட்டிலேயே வைத்துவிட்டாள்.

இரண்டு வருஷமாக இந்த அம்மாளிடம் அவள் பட்டது கொஞ்சமா? எந்த அத்தியாயத்தை அனுப்பினாலும் ஒரே குறைதான். கஷ்டமான வார்த்தை வேண்டாம், சுற்றி வளைக்காதே என்பார். "டிராம்ல நின்னுக்கிட்டுப் படிக்கிறவளுக்கும் புரியணும்" என்பார். போபாலில் ஏது டிராம்? தன் ஆங்கிலத்தைத்தான் குத்திக்காட்டுகிறார் என்று தேவ்யானி நினைத்துக்கொள்வாள். இருந்தாலும் வரிக்கு வரி திருத்திக் கொடுத்தாள். அந்த எழுத்தின் மேல் அவளுக்கு அப்படி ஒரு பைத்தியம். எழுதியவர் மேலும்தான். ஊரே கொண்டாடுகிற நாளில் அந்த உறவு முறிந்துவிடுமோ என்று பயமாக இருந்தது.

டி.வி.க்காரப் பெண் மைக்கை நீட்டினாள். "அப்புறம்" என்று கையைக் காட்டிவிட்டார் விமலேஷ். 'நான் சொல்லலை?' என்பதுபோல் திவாரி கண்ணடித்தார்.

தேவ்யானி போய் விமலேஷின் காலருகே தரையில் உட்கார்ந்தாள்.

"தீதி, என் மேல கோபமா? என் பேரு உங்களுக்கு உறுத்தலா இருந்தா நான் லண்டனுக்கு வரலை. மேடையில நீங்க மட்டும் நில்லுங்க. என்கிட்ட பழையபடி பேசினாப் போதும்."

விமலேஷ் அவளை விநோதமாகப் பார்த்தார். "என்னடி உளர்றே?" என்று அவர் ஆரம்பிக்கும்போதே செல்போன் அடித்தது.

"லண்டன்தான். எல்லாரும் வாயை மூடுங்க" என்று கூட்டத்தை அடக்கினார் திவாரி.

விமலேஷ் அவசரத்தில் எதையோ அமுக்க, குரல் கூடம் முழுக்கக் கேட்டது. லண்டன் இல்லை. மெல்போர்னில் இருக்கிற மகள் இஷிதா. அவள் குரலுக்குப் பின்னால் டிங் டிங் என்று ஒரு மணிச் சத்தம்.

"அம்மா, இப்பதான் படிச்சு முடிச்சேன். டிராம்ல நின்னுக்கிட்டே அழுதுட்டிருக்கேன். எல்லாரும் என்னையே பார்க்கிறாங்க."

டிராம் என்றதும் தேவ்யானி சட்டென்று நிமிர்ந்தாள்.

"மழையில புதுச் செருப்பைத் தொலைச்சிட்டு அம்மாகிட்ட அடி வாங்கற பொண்ணு, அது நான்தானே?"

"நீதான்."

"என்னை அடிச்சிட்டு, நான் தூங்கினதும் நீ போய்ச் சாக்கடையில இறங்கித் தேடினியாம்மா?"

விமலேஷ் செல்போனைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார்.

திவாரிக்கு இருப்புக்கொள்ளவில்லை. "என்ன, உங்க பொண்ணு இப்பதான் படிக்கிறாளா? இந்தியில படிச்சதே இல்லையா?"

"இந்தியை எழுத்துக் கூட்டித்தான் படிப்பா. ரெண்டு பக்கத்துல தூங்கிடுவா. மேடையில பேசினதெல்லாம் மத்தவங்க பிள்ளைங்களுக்கு, திவாரிஜி. என் பொண்ணைக் கான்வென்ட்லதான் போட்டேன். சீட்டு வாங்கிக் கொடுத்ததே நீங்கதான். மறந்துட்டீங்களா?"

திவாரி தன் தட்டிலிருந்த போஹாவைத் தீவிரமாக ஆராய ஆரம்பித்தார்.

செல்போனில் இஷிதாவின் குரல் உடைந்தது. "ஏம்மா இத்தனை வருஷமா இதை என்கிட்ட சொல்லவே இல்லை?"

விமலேஷ் வழிகிற கண்ணைத் துடைக்கவில்லை. தேவ்யானியின் கையை இழுத்து, செல்போனோடு சேர்த்து இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"சொன்னேன்டி. பதினாலு புத்தகமா சொன்னேன். இவ வந்துதான் உனக்குக் கேட்டிருக்கு."