வெளியே வராத அப்பா

"பேர் சொல்லணும்னு கட்டாயம் இல்லைம்மா. எந்த வகுப்புன்னு மட்டும் சொன்னா போதும்."

"ஏழாவது, சார்."

ஆலோசகர் படிவத்தில் ஏழு என்று எழுதினார். பள்ளி மூடி நான்காவது மாதம் நடந்துகொண்டிருந்தது. பிள்ளைகளும் பெற்றோரும் மனம்விட்டுப் பேசட்டும் என்று, அழைப்பவரின் எண் தெரியாத ஓர் உதவி எண்ணைப் பள்ளி அறிவித்து, இவரை அதற்குப் பொறுப்பாக்கியிருந்தது. காலையிலிருந்து இது பதினெட்டாவது அழைப்பு. வேலை போன ஒரு தகப்பன், கணக்கு வகுப்பு என்றாலே வயிற்றுவலி வரும் ஒரு பையன், மூன்று பிள்ளைகளுக்கு ஒரே போனை வைத்துக்கொண்டு திண்டாடும் ஒரு தாய். யாரையும் அவர் பாதியில் நிறுத்தியதில்லை.

"உன் குரல் சரியா கேக்கலையே. சளி பிடிச்சிருக்கா?"

"இல்லை சார். மாடிப்படியில உக்காந்திருக்கேன். வாசலைத் தாண்டினா மாஸ்க் போடணும்னு அம்மா சொல்லியிருக்காங்க. ரெண்டு போட்டிருக்கேன்."

"நல்ல அம்மா. சரி, என்ன பிரச்சினை?"

"அப்பா ரூமை விட்டு வெளியே வரமாட்டேங்கிறார்."

"எத்தனை நாளா?"

"ஸ்கூல் மூடினதுலேர்ந்து. குளிக்க மட்டும் வருவார். சாப்பாட்டுத் தட்டு உள்ளே போகும், காலித் தட்டு வெளியே வரும். அவ்வளவுதான்."

ஆலோசகர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "நான் கேக்கறதுக்கு ஒளிக்காம பதில் சொல்லணும், என்ன? அப்பா உங்களை அடிப்பாரா?"

"இல்லை சார். அடிக்கக்கூட வெளியே வரமாட்டார்."

"குடிப்பாரா?"

"டீதான். நிறைய குடிப்பார்."

"வேலை போயிடுச்சா?"

"வேலை இருக்கு. ரொம்ப நல்ல வேலைன்னு எல்லாரும் சொல்றாங்க."

"யார்கிட்டயாவது பேசறாரா, இல்லை மௌனமாவே இருக்காரா?"

"போன்ல நல்லா பேசுவார் சார். சிரிக்கக்கூட செய்வார். தம்பி கதவுல காதை வெச்சுக் கேட்டுட்டு, 'அப்பா இன்னைக்கு ரெண்டு தடவை சிரிச்சார்'னு வந்து சொல்லுவான். அவனுக்கு நாலு வயசு. முந்தாநாள் கதவுக்கு வெளியவே படுத்துத் தூங்கிட்டான்."

ஆலோசகரின் பேனா நின்றது. ஊர்க்காரர்களோடு சிரிக்கத் தெரிகிறது, பெற்ற பிள்ளை வாசற்படியில் கிடப்பது தெரியவில்லை. இந்த நான்கு மாதத்தில் எத்தனையோ தகப்பன்களைப் பற்றிக் கேட்டுவிட்டார். இந்த ஆள் மீது வந்ததுபோல் அவருக்கு யார் மீதும் கோபம் வரவில்லை.

"அம்மா எப்படி இருக்காங்க?"

"நல்லா இருக்கேன்னுதான் சொல்றாங்க. நேத்து பாத்ரூம்ல குழாயைத் திறந்துவிட்டுட்டு அழுதாங்க. தண்ணி சத்தத்துல கேக்காதுன்னு நினைச்சுட்டாங்க. கேட்டுச்சு."

"அப்பாவுக்குக் கேட்டுச்சா?"

"இல்லை. அப்போ யாருக்கோ ஆறுதல் சொல்லிட்டிருந்தார்."

ஆலோசகர் படிவத்தின் மேல் ஓரத்தில் 'அவசரம்' என்று எழுதி, அதன்கீழ் இரண்டு கோடு இழுத்தார்.

"இங்க பாரும்மா. பெரியவங்களுக்கும் பயம் இருக்கும், அசதி இருக்கும். அதை வெளியே சொல்லத் தெரியாம உள்ளே போய் உக்காந்துப்பாங்க. அதுக்காக நீங்க ஒதுங்கிடக் கூடாது. கதவைத் தட்டு. 'அப்பா, எங்ககூட கொஞ்ச நேரம் உக்காருங்க'ன்னு வாய்விட்டுக் கேளு."

"கேட்டேன் சார். அஞ்சு நிமிஷத்துல வரேன்னார்."

"அப்புறம்?"

"அது போன மாசம்."

ஆலோசகர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"நீ ஒண்ணும் கவலைப்படாதே. அப்பாகிட்ட நானே பேசறேன். பொறுமையாத்தான் பேசுவேன், ஆனா விடமாட்டேன். குடும்பத்துக்குள்ளயே வாடகைக்கு இருக்கிற மாதிரி ஒரு மனுஷன் இருக்கலாமா? பெத்த பொண்ணு முகம் தெரியாத ஒருத்தருக்குப் போன் பண்ணி அழற அளவுக்கு விட்டுட்டாரே!"

"நான் அழலை சார்."

"சரி, அழலை."

"நீங்க சொன்னா கேப்பாரா சார்?"

"கேக்க வைக்கிறேன். என் வேலையே அதுதானே."

"அவர் ஒண்ணும் கெட்டவர் இல்லை சார். திட்டிடாதீங்க."

அந்தச் சிறுமியின் குரலில் இருந்த பரிவு ஆலோசகரை என்னவோ செய்தது. இப்படி ஒரு பிள்ளையைப் பெற்றுவிட்டு அந்த மனிதன் கதவைச் சாத்திக்கொண்டிருக்கிறானே என்று மனம் ஆறவில்லை.

"திட்டமாட்டேன், சத்தியமா. இப்போ கூப்பிட்டா எடுப்பாரா?"

"எடுக்கமாட்டார். இப்போ பேசிட்டிருக்கார்."

"இப்பவுமா? அப்படி யார்கிட்டதான்மா இவ்வளவு நேரம் பேசறார்?"

எதிர்முனையில் மாஸ்க்கைக் கழற்றும் சரசரப்பு கேட்டது. இப்போது குரல் தெளிவாக வந்தது.

"என்கிட்டதான்ப்பா."