ரேடியோ வீட்டு மாடி

வாசலில் கேட்ட குரலுக்குத் தையல்காரியின் கால் மிஷினை விட்டுத் தானாக விலகியது.

அவன்தான்.

மாடிச் சன்னலோரம் ஒட்டி நின்றாள். கீழே அவன் தன் போனில் அவள் படத்தைக் காட்டி, இந்தப் பெண் இங்கேயா குடியிருக்கிறாள் என்று வீட்டுக்காரரிடம் கேட்டுக்கொண்டிருந்தான்.

போச்சு. எல்லாம் போச்சு.

கேட்டது யாரிடம்? தெருவே ரேடியோ என்று கூப்பிடும் மனிதரிடம். அவர் காதில் ஒரு சேதி விழுந்தால், அவர் செருப்பு மாட்டுவதற்குள் அது தெருமுனைக்குப் போய்விடும்.

இது தெரியாமல்தான், வீடு கேட்டு வந்த அன்றே அவரிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். கட்டினவன் கையை உடைத்தது, எங்கே ஓடினாலும் தேடி வந்து கொல்வேன் என்றது, எல்லாம். நான் இங்கே இருப்பது யாருக்கும் தெரியக்கூடாது என்று கும்பிடவும் செய்தாள். மனுஷர் தலையை ஆட்டிவிட்டுச் சாவியைக் கொடுத்தார்.

பட்டப்பெயர் மறுநாள்தான் தெரிந்தது. முதல் வேலையாக மனைவியிடம் ஒப்பித்திருப்பார், சந்தேகமே இல்லை. அந்த அம்மாள் இவளைப் பார்க்கும்போதெல்லாம் உச்சுக்கொட்டினாளே!

கீழே ரேடியோ ஆரம்பித்தார்.

"அடடே, இதே போன்தான் எங்க மாப்பிள்ளையும் வச்சிருக்காரு! உட்காருங்க தம்பி."

போனிலிருந்து மாப்பிள்ளைக்குப் போனார். மாப்பிள்ளையிலிருந்து தன் கண் ஆபரேஷன், கண் டாக்டர், டாக்டருடைய மச்சான் வளர்க்கும் நாய். படத்தை மூக்கருகே கொண்டுபோய் உற்றுப் பார்ப்பார், திரும்பவும் கண் ஆபரேஷனுக்கே வந்துவிடுவார். அவன் எழுந்தால் கையைப் பிடித்து உட்காரவைப்பார்.

நடுவில் பேச்சு மாடிக்கு வந்தது. தையல்காரி சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

மாடியில் தண்ணீர்த் தொட்டி ஒழுகுகிறதாம். இந்தக் காலத்தில் எந்தப் பிளம்பரும் உருப்படியில்லையாம்.

கடைசியில் அவன் போனைப் பிடுங்கிக்கொண்டு, ஆளை விட்டால் போதும் என்று கிளம்பினான். ரேடியோ விடுவாரா? பேசிக்கொண்டே பஸ் ஸ்டாப் வரைக்கும் கூடப் போனார்.

கடைக்குப் போயிருந்த வீட்டுக்காரம்மாள் அப்போதுதான் திரும்பினாள். நிமிர்ந்து பார்த்தவள், சன்னலில் வெளிறிப்போய் நின்ற முகத்தைக் கண்டு வழக்கம்போல உச்சுக்கொட்டினாள்.

"ஏம்மா இப்படி ஏங்கிப்போயிட்ட? கப்பல் வேலைக்குப் போன உன் வீட்டுக்காரரு இன்னும் ஒரு போன்கூடப் பண்ணலையா? நீ வந்த அன்னிக்கே இவரு என்கிட்ட சொல்லி வருத்தப்பட்டாரு."

தையல்காரியைக் கட்டினவன் கப்பலைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.