கழற்றச் சொன்னவர்

மரக் காண்ட்ராக்டர் மரம் அறுக்கும் மெஷினை மேஜைமேல் பொத்தென்று வைத்தார். மெக்கானிக் பெண் நிமிர்ந்து பார்த்தாள். ஒரு வருடமாக அவள் கறுவிக்கொண்டிருந்தது இந்த முகத்தின் மேல்தான். அவருக்கோ அவள் யாரென்றே தெரியாது.

"செயின் பிரேக்கைக் கழட்டிடும்மா. சும்மா சும்மா செயினை நிறுத்தி உயிரை வாங்குது."

"மெஷின் எகிறினா உயிரைக் காப்பாத்துறதே அதுதான் சார்."

"எனக்கே பாடமா? என் மெஷின் எதுலயும் பிரேக் கிடையாது. வாங்கின அன்னிக்கே கழட்டிடுவேன்."

பழம் நழுவிப் பாலில் விழுந்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தாள்.

"நாளைக்கு எங்க மேல பழி வரக்கூடாது சார். இப்பச் சொன்னதை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டுடுங்க."

"இதுக்கெல்லாம் பயந்தா தொழில் பண்ண முடியுமா?" ஒரு வார்த்தை விடாமல் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

அவள் பிரேக்கைக் கழற்றவில்லை. துடைத்து, சரியாகப் பிடிக்கிறதா என்று இரண்டு தடவை சோதித்தாள். இன்னொரு வீட்டுப் பிள்ளை பிடிக்கப்போகும் மெஷின் அது.

பிறகு தாளோடு பின்னறைக்குப் போனாள். அண்ணன் இடது கையால் சட்டைப் பொத்தானோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். போன வருடம் மெஷின் எகிறியதில் வலது கை மணிக்கட்டோடு போயிருந்தது.

அவளே பொத்தானைப் போட்டுவிட்டாள்.

"வக்கீல்கிட்டக் கிளம்புண்ணா. பிரேக்கை நீதான் கழட்டினேன்னு கோர்ட்ல சாதிச்சாரே உன் முதலாளி? இந்தா, கழட்டினது அவர்தான்னு கைப்பட எழுதிக் கொடுத்துட்டுப் போயிருக்கார்."