நூல் கடித்த பல்

"அவன் பல்லைத் தட்டிக் கையில கொடுத்துட்டுத்தான் மறுவேலை!"

தையல்காரர் கத்தரிக்கோலை மேசையில் வைத்த வேகத்தில் ஊசிப்பெட்டி ஒரு துள்ளு துள்ளியது. சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்தாள்.

"யார் பல்லை?"

"அந்த பேக்கரிக்காரன் பல்லை. இதைக் கேளு."

கைப்பேசியை அவள் காதருகே நீட்டினார். இசைக்குழுத் தலைவர் அனுப்பியிருந்த ஒலிப்பதிவு அது.

'சிரித்தது சிலையோ, சிணுங்கிய அலையோ...'

மறைந்த பெரிய பாடகரின் பாட்டு. பாடியவர் பேக்கரிக்காரர். குரல் அச்சு அசல். ஆனால் 'சி' வருகிற இடத்திலெல்லாம் மெல்லியதாக ஒரு சீட்டி.

"உங்க சீட்டி மாதிரியே இருக்கே!"

"மாதிரி என்ன மாதிரி? என் சீட்டியேதான்!"

இருபத்தைந்து வருஷம் நூலைக் கடித்துக் கடித்து அறுத்ததில் தையல்காரரின் முன்பல்லில் ஒரு பள்ளம் விழுந்திருந்தது. பேசும்போது தெரியாது. பாடினால் மட்டும் காற்று அந்த வழியாகத்தான் போவேன் என்று அடம்பிடிக்கும்.

அந்தப் பெரிய பாடகர், அதாவது பெரியவர், எந்தச் சொல்லில் மூச்சு வாங்குவார், எங்கே சிரிப்பை விழுங்குவார் என்று துணிக்குக் கோடு போடும் சாக்பீஸாலேயே சுவரில் குறித்துவைத்துப் பழகியவர் தையல்காரர். இசைக்குழு மேடையில் பாடிவிட்டு இறங்கினால், 'கண்ணை மூடினா பெரியவரேதான்' என்று கைகொடுக்காத ஆள் கிடையாது. ஊர் அவருக்கு 'ஜெராக்ஸ்' என்றே பெயர் வைத்துவிட்டது. சொந்தப் பெயர் கடைப் பலகையில் மட்டும் மிச்சமிருந்தது.

போன வாரம் குழுத் தலைவர் கறாராகச் சொல்லிவிட்டார்: "ஞாயிற்றுக்கிழமை பெரியவர் நினைவு நிகழ்ச்சி. அதுக்குள்ள பல்லை அடைச்சுட்டு வாங்க. இல்லேன்னா பேக்கரிக்காரரைப் பாடவைக்க வேண்டியதுதான்."

பல் மருத்துவரிடம் நாளைக் காலைக்கு நேரம் வாங்கியாயிற்று. அதற்குள் இந்த ஒலிப்பதிவு.

"என் இடத்தையும் பிடிக்கப் பார்க்குறான், என்னை நக்கலும் அடிக்கிறான். காப்பி அடிக்கிற பய!"

மனைவிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "ஜெராக்ஸ் பேசுற பேச்சா இது?"

"நான் பண்றது மரியாதை. அவன் பண்றது கேலி!"

செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

பேக்கரியின் பின்னறையில் பேக்கரிக்காரர் மாவு பிசைந்துகொண்டிருந்தார். அவருக்கும் ஏறக்குறைய இவர் வயதுதான். முழங்கைவரை மாவு.

"அடடே, வாங்க வாங்க! நீங்களே வந்துட்டீங்க!"

"ஏன்யா, என் ஓட்டைப்பல்லு உனக்குக் கேலியா இருக்கா?"

"கேலியா?" பேக்கரிக்காரர் பதறிப்போனார். "அதைப் பழக எனக்கு மூணு மாசம் ஆச்சுங்க. உங்களுக்குப் பல்லு தானாப் பாடுது. நான் நாக்கை மடிச்சு, வாயைக் கோணி... என் வீட்டுக்காரி என்னமோ ஏதோன்னு டாக்டருக்கே போன் பண்ணிட்டா."

தையல்காரர் மடித்துக் கட்டியிருந்த வேட்டியை இறக்கிவிட்டார்.

"பெரியவர் பாட்டுல சீட்டியே கிடையாதேய்யா. நீ அசலைக் கேட்டதில்லையா?"

"கேட்டேனே. உங்களை மேடையில கேட்ட பிறகுதான் அசலையே தேடிப் பிடிச்சுக் கேட்டேன்." மாவை ஒரு புரட்டுப் புரட்டினார். "நல்லாத்தான் இருந்தது. ஆனா சீட்டி இல்லாம சப்புன்னு இருந்ததுங்க."

தையல்காரர் அங்கிருந்த மாவு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். பேக்கரிக்காரர் மாவை மேசையில் ஓங்கி அறைந்தார்.

"தலைவர்கிட்டயும் சொல்லிட்டேன், பாடினா சீட்டியோடதான் பாடுவேன்னு. முதல்ல முகத்தைத் தூக்கி வெச்சுக்கிட்டார். இன்னிக்குத்தான் இறங்கி வந்தார். ஒலிப்பதிவுக்குக் கீழேயே உங்களுக்கு எழுதினாரே, படிக்கலையா?"

கேட்ட மாத்திரத்தில் கொதித்துக் கிளம்பியவர் எங்கே படித்தார்? கைப்பேசியை எடுத்தார். கண்ணாடியைத் தேடி மாட்டினார்.

'கேட்கக் கேட்க எனக்கும் பிடிச்சுத் தொலைச்சிருச்சு. ஞாயிற்றுக்கிழமை ரெண்டு பேருமே பாடுங்க. பல்லைத் தொடாதீங்க.'

வீடு திரும்ப ஒரு மணி நேரம் ஆயிற்று. மனைவி வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"என்ன, பல்லைத் தட்டியாச்சா?"

"பல் டாக்டருக்குப் போன் போட்டு நாளைக்கு வரலைன்னு சொல்லிடு."

"அது இருக்கட்டும். போன காரியம் என்னாச்சு? இவ்வளவு நேரம் அங்கே என்ன பண்ணீங்க?"

அவர் மெஷின் முன்னால் உட்கார்ந்தார். நூலை இழுத்து, முன்பல்லால் நறுக்கென்று கடித்தார்.

"'சிணுங்கிய'ங்கிற இடத்துல அவருக்குச் சீட்டி சரியா விழலை. நாலு தடவை பாடிக் காட்டிட்டு வந்தேன்."